பத்துக்கு ஐந்து

நான் பார்த்து மதிப்பெண் போட்டு வைத்திருக்கும் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பட்டியலில் மிக அதிகமான தொடர்கள் வாங்கியிருப்பது பத்துக்கு ஐந்து. பத்து வாங்கியவை மிகச் சில. பட்டியலைப் பார்க்கிற மாணவர்கள் முதலில் கேட்பது, "பிடிக்காததை ஏன் சார் இவ்வளவு பார்க்கிறீர்கள்?" என்பதுதான். பிடித்துத்தான் பார்த்தேன். பன்னிரண்டு எபிசோடும் உட்கார்ந்து பார்த்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, அடுத்த மாதமே கதாநாயகியின் பெயர் மறந்துபோன ஒரு தொடருக்கு ஐந்துக்கு மேல் எதற்குக் கொடுக்க வேண்டும்? அது சராசரித் தொடர். சராசரிக்கு உரிய இடம் நடு. அங்கேதான் அதை வைத்திருக்கிறேன்.

தருமபுரி மாவட்டத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவன் நான். பகலில் விடைத்தாள், இரவில் அனிமே. இரண்டுக்கும் மதிப்பெண் போடுகிறேன் என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எங்கள் பக்கம் மதிப்பெண் என்பது சாதாரண விஷயமில்லை. நாமக்கல்லில் கொழித்த உறைவிடப் பள்ளிப் பித்து தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்து வெகுகாலம் ஆகிறது. தேர்வு முடிவு வந்த மறுநாள் நான்கு ரோடு சந்திப்பைச் சுற்றி நின்று பார்த்தால் பிள்ளைகளின் முகம் அச்சிட்ட பேனர்களாக இருக்கும். தொண்ணூற்றெட்டு எடுத்த பெண்ணிடம் "அந்த இரண்டு எங்கே போனது?" என்று சொந்தத் தாய்மாமனே கேட்கிற ஊர். நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி என்று அரசு சொல்லும். ஐம்பது எடுத்த பையனின் வீட்டில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள்.

அந்தக் கண்ணோடு அனிமே பட்டியலைப் பார்த்தால் ஐந்து என்பது அவமானமாகத்தான் தெரியும். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும்தான் மதிப்பெண்; மற்றவையெல்லாம் திட்டு.

இது எங்கள் ஊர்க்காரர்களின் நோய் மட்டும் இல்லை, உலகம் முழுக்க இருக்கிறது என்பதில் எனக்குச் சிறு ஆறுதல். அனிமே ரசிகர்கள் பட்டியல் வைத்துக்கொள்ளும், 2004-இல் தொடங்கிய மைஅனிமேலிஸ்ட் தளத்தில் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் அவர்களே விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்து தலைசிறந்த படைப்பு, ஏழு நன்று, ஆறு பரவாயில்லை, ஐந்து சராசரி, ஒன்று படுமோசம். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் நடைமுறையில் ஆறரை என்றால் "அதையெல்லாமா பார்ப்பாய்?" என்கிறார்கள். பத்துப் படி உள்ள ஏணியில் மேல் நான்கு படியில் மட்டும் எல்லோரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அனிலிஸ்ட் என்ற இன்னொரு தளம் அளவுகோலையே நம் கையில் கொடுத்துவிடுகிறது. நூறுக்குப் போடலாம், பத்துக்குப் புள்ளி வைத்துப் போடலாம், ஐந்து நட்சத்திரம் போடலாம், இல்லையென்றால் சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், வாடிய முகம் என்று மூன்றோடு முடித்துக்கொள்ளலாம். நூறுக்குப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். எழுபத்துமூன்றுக்கும் எழுபத்துநான்குக்கும் நடுவே இருக்கும் அந்த ஒன்று எந்தக் காட்சியில் கிடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மைஅனிமேலிஸ்ட்டின் கணக்கு முறையில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும், தொழில் புத்தி. வாக்குகள் குறைவாக விழுந்த தொடரின் சராசரியை, தளத்தில் உள்ள எல்லாத் தொடர்களின் பொதுச் சராசரியை நோக்கிச் சற்று இழுத்துவிடும் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். வாக்கு கூடக்கூட இழுப்பு குறையும். நாலு நண்பர்கள் சேர்ந்து பத்துப் பத்தாகப் போட்டு ஏதோ ஒரு குறும்படத்தை முதலிடத்துக்கு ஏற்றிவிட முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் எந்தச் சூத்திரமும் தொடாத ஒரு கோணல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உச்சியில் இருக்கும் தொடர்களைப் பாருங்கள்: 'ஜின்டாமா'வின் பிந்தைய சீசன்கள், 'அட்டாக் ஆன் டைட்டன்' மூன்றாம் சீசனின் இரண்டாம் பாதி என்று தொடர்ச்சிகளாகவே இருக்கும். முதல் சீசன் பிடிக்காதவர்கள் அங்கேயே இறங்கிக்கொண்டார்கள். நான்காவது சீசன் வரை வந்து வாக்குப் போடுகிறவன் ஏற்கெனவே பக்தன். பக்தர்களை மட்டும் கேட்டு எடுத்த சராசரி அது. அதை முதல் சீசன்களோடு ஒரே வரிசையில் அடுக்கினால், பாதி வகுப்பை வெளியே அனுப்பிவிட்டுத் தேர்ச்சி விகிதம் எடுப்பதுபோலத்தான்.

முதலிடச் சண்டை தனிக்கதை. 2009-இல் தொடங்கி 64 எபிசோடு வந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' பல ஆண்டுகள் ஒன்பதுக்குச் சற்று மேலே உச்சியில் உட்கார்ந்திருந்தது. புதிதாக ஏதாவது அதை நெருங்கினால் இந்தப் பக்கத்து ரசிகர்கள் அதற்கு ஒன்று போடுவார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் பதிலுக்கு இதற்கு ஒன்று போடுவார்கள். தேர்தல் நேரத்துச் சுவர் விளம்பரம் தோற்றுவிடும். 2023-இல் வந்த 'ஃபிரீரன்' கடைசியில் அதைத் தாண்டிப் போனது.

சரி, நான் எப்படிப் போடுகிறேன்?

எல்லாத் தொடரும் என் நோட்டில் ஐந்தில் தொடங்குகிறது. பத்தில் தொடங்கிக் குறை கண்ட இடத்திலெல்லாம் கழிக்கும் முறை எனக்கு ஒத்துவரவில்லை. அப்படிச் செய்தால் குறையே இல்லாத, அதே நேரம் உயிரும் இல்லாத தொடர் ஒன்பது வாங்கிக்கொண்டு போய்விடும். ஐந்திலிருந்து மேலே ஏற்றுவதற்கும் கீழே இறக்குவதற்கும் ஒரே நிபந்தனை: எந்தக் காட்சிக்காக என்று எழுத வேண்டும். "கதை அருமை" என்று எழுதினால் செல்லாது. எந்த எபிசோடு, யார், என்ன செய்தார்கள், அப்போது படம் எப்படி இருந்தது. அதை எழுத முடியவில்லை என்றால் மதிப்பெண் நகராது. என் பட்டியலில் ஐந்து அதிகமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கூறு கூறாகப் பிரித்துக் கூட்டும் முறையையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. கதைக்கு இவ்வளவு, ஓவியத்துக்கு இவ்வளவு, ஒலிக்கு, பாத்திரத்துக்கு, ரசித்ததற்கு என்று ஐந்து கட்டம் போட்டு நிரப்புகிற வழக்கம் விமர்சகர்களிடம் நெடுநாள் இருந்தது. இன்றும் பலர் விடவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வரைபடத்துக்கு எட்டு மதிப்பெண். அதில் அச்சுகளுக்கு, அளவுத்திட்டத்துக்கு, புள்ளிகளைக் குறித்ததற்கு, கோட்டுக்கு, விடைக்கு என்று பிரித்துப் போடுவோம். கையில் விடைக்குறிப்பு இருக்கிறது. கேள்வியே அப்படிப் பிரித்துப் போடுவதற்காக அமைக்கப்பட்டது. திருத்தும் முகாமில் நான் ஒரு தாளுக்குப் போட்டதை முதன்மைத் தேர்வாளர் எடுத்துப் பார்த்தால் அவருக்கும் அதே எண்தான் வர வேண்டும். வரவில்லை என்றால் "ஐயா, கொஞ்சம் இங்கே வாருங்கள்" என்று குரல் வரும். அனிமேவுக்கு விடைக்குறிப்பு எழுதி வைத்தவர் யாரும் இல்லை. இசைக்குக் கிடைத்த ஒன்பதையும் கதைக்குக் கிடைத்த நான்கையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற ஆறரை எந்தத் தொடரையும் சொல்வதில்லை. அந்த இசை அந்தக் கதையைக் காப்பாற்றியதா, இல்லை கதை செத்துக் கிடப்பதை மறைக்கப் பார்த்ததா என்பதுதான் கேள்வி.

சென்ற ஆண்டு என்னிடம் மிகவும் சண்டை போட்டவன் ஒரு பத்தாம் வகுப்பு மாணவன். "பிங் பாங்குக்கு ஒன்பது, டீமன் ஸ்லேயருக்கு ஏழா சார்? பிங் பாங்கில் முகத்தைக்கூட ஒழுங்காக வரையவில்லையே!"

அவன் சொன்னது உண்மை. 'பிங் பாங் தி அனிமேஷன்' 2014-இல் வந்தது, மசாக்கி யுவாசா இயக்கியது, பதினோரே எபிசோடு. கோடுகள் நடுங்கும். மூக்கு ஒரு ஃபிரேமில் ஒரு பக்கம், அடுத்ததில் இன்னொரு பக்கம். மேசைப் பந்தாட்டம் நடக்கும்போது திரை காமிக்ஸ் பக்கம்போல நான்கைந்து கட்டங்களாக உடையும். ஒரு கட்டத்தில் மட்டை, ஒன்றில் கண், ஒன்றில் ஷூவின் அடிப்பகுதி. 'டீமன் ஸ்லேயர்' அதற்கு நேரெதிர். யூஃபோடேபிள் ஸ்டுடியோ நீரையும் நெருப்பையும் தீட்டியிருக்கும் விதத்துக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். 2019-இல் வந்த முதல் சீசனின் பத்தொன்பதாம் எபிசோடில், சிலந்தி மலையில் கதாநாயகன் தஞ்சிரோ தன் தந்தை ஆடிய நெருப்பு நடனத்தை நினைவுகூர்ந்து வாளை வீசும் இடத்துக்காகவே நான் இரண்டு மதிப்பெண் ஏற்றியிருக்கிறேன். பிறகு ஏன் ஏழோடு நின்றது? தஞ்சிரோ வாயை மூடுவதே இல்லை. எதிரி இடது பக்கம் பாய்கிறான் என்பதை நானே பார்த்துவிட்டேன், "இடது பக்கம் பாய்கிறான்!" என்று மனத்துக்குள் அவனும் சொல்கிறான். அவ்வளவு அழகாக வரைந்தவர்களுக்குத் தங்கள் ஓவியத்தின் மேலேயே நம்பிக்கை இல்லையோ என்று தோன்றும்.

பிங் பாங்கில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு வரும். சீனாவில் அணியிலிருந்து கழற்றிவிடப்பட்டு, ஜப்பானில் ஒரு சுமாரான பள்ளி அணிக்கு விளையாட வந்த கோங் என்ற இளைஞன். வந்த புதிதில் ஊரையும் உடன் விளையாடுகிறவர்களையும் அவன் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. தோற்கிறான். திரும்பிப் போகவும் வழியில்லை. அந்த இரவில் அதே சுமாரான பையன்களோடு கரோக்கியில் நின்று பாடுகிறான். பாட்டு ஓடிக்கொண்டிருக்க, மற்ற ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் அதே இரவில் எங்கே எப்படி இருக்கிறார்கள் என்று படம் காட்டிக்கொண்டே போகிறது. யாரும் எதையும் விளக்கவில்லை. அவன் மாறிவிட்டான் என்று ஒரு வசனம்கூட இல்லை. அந்தப் பாட்டு ஒன்றுக்கு மட்டும் என் நோட்டில் ஒன்றரை மதிப்பெண் ஏறியது. கோணல் மூக்கோடு வரைந்த அந்த முகங்கள் அங்கே எனக்கு அழகாகவே தெரிந்தன. மாணவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. அவன் தன் காட்சிகளை எழுதிக்கொண்டு வந்தால் நானும் படிப்பேன் என்றேன். ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். நன்றாகவே எழுதியிருந்தான்.

"ஓவியம் அசையவே இல்லை" என்பது அடிக்கடி வரும் இன்னொரு புகார். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொன்றுக்கும் புதுப் படம் வரைந்தால் எந்தத் தொலைக்காட்சித் தொடரும் வாராவாரம் வெளிவராது. ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கோ மூன்று ஃபிரேமுக்கோ நிறுத்தினால் நொடிக்குப் பன்னிரண்டு, எட்டுப் படங்கள் போதும். 1963 ஜனவரியில் ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சிக்கு வந்தபோதே இந்தச் சிக்கனத்தில்தான் வந்தது. உடம்பு அப்படியே நிற்க வாய் மட்டும் அசைவது, ஒருமுறை வரைந்ததை மறுபடி மறுபடி எடுத்தாள்வது எல்லாம் அந்தக் காலத்துக் கைவேலை. ஆகவே அசையவில்லை என்பதற்காக நான் கழிப்பதில்லை. அசையாமல் நின்ற அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பேன். 1995-இல் தொடங்கிய 'எவாஞ்சலியன்' தொடரின் 24-ஆம் எபிசோடில், கதாநாயகன் ஷிஞ்சி தன் ஒரே நண்பனைத் தான் ஓட்டும் ராட்சத எந்திரத்தின் கையில் பிடித்தபடி நிற்கிறான். கொல்ல வேண்டும். படம் ஏறக்குறைய ஒரு நிமிடம் அப்படியே நிற்கிறது. பின்னணியில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி. பணம் மிச்சம் பிடிப்பதற்கான உத்தியைக் கொண்டே நம் கழுத்தை நெரிக்கிறார் இயக்குநர் ஹிதேயாகி அன்னோ. இதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது? ஓவியத்திலா, ஒலியிலா?

முயற்சிக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. கணக்குத் தாளில் தருவேன். சூத்திரத்தைச் சரியாக எழுதிவிட்டுப் பெருக்கலில் தடுமாறிய பிள்ளைக்குச் சூத்திரத்துக்கு உரியது உண்டு. 2009-இல் 'ஹாருஹி சுசுமியா' தொடரில் ஒரே கோடை விடுமுறைக் கதையை எட்டு எபிசோடுக்கு, எட்டு வாரம், திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்து, புதிதாகக் குரல் கொடுத்து! கால வளையத்தில் மாட்டிக்கொண்டவர்களின் சலிப்பைப் பார்க்கிறவனுக்கும் கொடுக்க வேண்டும் என்பது எண்ணம். துணிச்சல்தான், மறுக்கவில்லை. எனக்குச் சலிப்பு கிடைத்தது. சலிப்பைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. மூன்று போட்டேன். 'நருட்டோ'வின் முதல் தொடரில் 220 எபிசோடு. அதில் கடைசி எண்பதுக்கு மேல் பெரும்பாலும் மூலக் கதையில் இல்லாத ஒட்டுவேலை. "அதை விட்டுவிட்டுப் பார்த்துப் போடுங்கள் சார்" என்பார்கள். விட மாட்டேன். ஒளிபரப்பியவர்கள் அதையும் சேர்த்துத்தானே நம் மாலைப் பொழுதுகளை எடுத்துக்கொண்டார்கள்.

'ஃபிரீரன்' தொடருக்கு வருகிறேன். இதில்தான் என் முறை உண்மையான சோதனைக்கு உள்ளானது.

அரக்க மன்னனை வென்ற நால்வர் பத்தாண்டுப் பயணம் முடிந்து ஊர் திரும்புவதிலிருந்து கதை தொடங்குகிறது. அவர்களில் ஃபிரீரன் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்கிற எல்ஃப் இனத்தவள். ஐம்பது ஆண்டு கழித்து வந்து பார்க்கிறாள். வீரன் ஹிம்மல் கிழவனாகியிருக்கிறான். சில நாளில் இறந்துபோகிறான். பத்தாண்டு கூடவே இருந்தும் அவனை அறிந்துகொள்ள முயலவில்லையே என்று அடக்கத்தின்போது அழுகிறாள். பிறகு ஊர் ஊராகப் போகும்போது அங்கங்கே ஹிம்மலின் சிலைகள் எதிர்ப்படுகின்றன. தற்பெருமைக்காரன், தனக்குத் தானே சிலை வைக்கச் சொன்னவன் என்று சிரித்துக்கொண்டிருந்தோம். எதிர்காலத்தில் நீ தனியாக இருந்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம் என்று அவன் சொன்னது பின்னால் தெரியவருகிறது. ஓர் ஊரில் சிலையில் பாசி படிந்திருக்கும். யாரும் கவனிப்பதில்லை. ஃபிரீரன் அதைச் சுத்தம் செய்து, சுற்றிலும் பூ வைக்க வேண்டும் என்று, அவன் ஊரில் பூத்த ஒரு நீலப் பூவைத் தேடிக் காட்டில் அலைகிறாள்.

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் வளர்ந்த ஒருவன் இதைப் பார்த்துவிட்டு நடுநிலையோடு மதிப்பெண் போட முடியுமா? எங்கள் மண்ணில் நடுகல் இல்லாத திசை இல்லை. மாடு மீட்கப் போய் இறந்தவன், ஊரைக் காக்க நின்று இறந்தவன் என்று பல்லவர் காலத்திலிருந்து கல் நட்டிருக்கிறார்கள். சிலவற்றைத் தருமபுரி அருங்காட்சியகத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். மற்றவை புளியமரத்தடியிலும் கரும்புக்காட்டு வரப்பிலும் வேடியப்பன் என்ற பெயரோடு மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் காட்டுக்குப் போகும் வழியில் உள்ள கல்லில் வீரனின் ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள். நெஞ்சில் தைத்த அம்புகளின் நுனி தேய்ந்து வெறும் கோடுகளாகிவிட்டது. எழுத்து இருந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. அவன் பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பொங்கலுக்குக் கல்லைக் கழுவிப் பூ வைப்பது என் அம்மாவுக்கு மறந்ததே இல்லை.

ஃபிரீரனுக்கு என் நோட்டில் ஒன்பதரை. அதில் அரை மதிப்பெண் வேடியப்பனுடையது என்று விமர்சனத்திலேயே எழுதிவிட்டேன். வேறு ஊரில் இருந்து படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம். மீதி ஒன்பதுக்கும் வரிசையாகக் காட்சி சொல்லியிருக்கிறேன். அது என் ஊரைச் சார்ந்தது இல்லை. அரை மதிப்பெண்ணை மறைத்து வைத்துக்கொண்டு "நான் முற்றிலும் நடுநிலையானவன்" என்று எழுதுகிற விமர்சகர்களை நான் நம்புவதில்லை. அவரவருக்கு ஏதாவது ஒரு கல் இருக்கத்தான் செய்யும்.

இன்னும் சில சில்லறை விதிகள். பாதியில் விட்ட தொடருக்கு மதிப்பெண் கிடையாது. விட்டேன் என்று மட்டும் எழுதுவேன். மூன்று எபிசோடு பார்த்துவிட்டு முடிவெடு என்று அனிமே ரசிகர்கள் சொல்வார்கள். 2011-இல் வந்த 'மடோகா மேஜிகா' தன் மூன்றாம் எபிசோடில் பார்வையாளர்களின் தலையில் இடியை இறக்கிய பிறகு அந்த வாக்கு வேதமாகவே ஆகிவிட்டது. முடிவெடுக்க மூன்று போதும், மதிப்பெண்ணுக்குப் போதாது. டப்பிங்குக்கு எண் போடுவதில்லை, ஒரு பத்தி எழுதுவேன். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ்க் குரலோடும் திரைக்கு வந்தபோது என் மாணவர்கள் சிலர் ஓசூர் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். 155 நிமிடப் படம். வாள்கள் பாதிவழியில் நிற்க, பழைய கதை தொடங்கிவிடும். அது முடிந்து திரும்பினால்தான் வாள் இறங்கும். இந்தப் பழக்கம் எனக்கு ஒவ்வாதது. ஆனாலும் எதிரியான அகாசாவின் இளமைக் காலம் விரியும் பகுதியில் வாளைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. தமிழ்க் குரலில் கேட்டும் அந்த இடம் தளரவில்லை என்று எழுதினேன். படத்துக்கு ஏழரை. அதற்கும் சண்டைதான்.

முடியாத தொடருக்கும் மதிப்பெண் இல்லை. 'ஒன் பீஸ்' 1999 அக்டோபரில் தொடங்கி, ஆயிரத்து நூறு எபிசோடைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. என் பட்டியலில் அதற்கு நேரே ஒரு சிறு கோடு மட்டும் இருக்கும். "எப்போது சார் போடுவீர்கள்?" என்று ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் விடாமல் கேட்கிறான். முடிந்ததும் போடுகிறேன் என்றேன். "நீங்கள் ரிட்டயர் ஆவதற்குள் முடிந்துவிடுமா சார்?" என்றான். அவனைச் சமாதானப்படுத்துவதற்காக, 2019 முதல் 2023 வரை வந்த வானோ பகுதியை மட்டும் தனியாக எடுத்து ஆறரை கொடுத்து எழுதியிருக்கிறேன். ஆறு காட்சிகளைப் பெயர் சொல்லிக் காரணம் காட்டியும் இருக்கிறேன். அவன் இப்போது என்னிடம் பேசுவதில்லை.